ஒரே மூச்சில் எத்தனை வரை

முதலில் கழன்றது செருப்பு. ஆவடி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு நானும் என் மருமகள் அய்னூரும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். பத்தடி போனபிறகுதான் அவள் வலது காலில் செருப்பு இல்லை என்பதை நான் பார்த்தேன். அது பின்னால் ரோட்டில் கிடந்தது. வெயில் ஏறிய தார் ரோட்டில் வெறுங்காலை வைத்து நடந்தவளுக்குச் சூடும் தெரியவில்லை, செருப்பு கழன்றதும் தெரியவில்லை.

“காலு மரத்துகீது அத்தை. காலைலேர்ந்து இப்டிதான் கீது” என்றாள்.

நான் திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்து வந்தேன். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தால் கால் மரத்துத்தான் போகும் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இதை எழுதுவது, எங்களைப் போலவே திடீரென்று ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார நேர்ந்தவர்களுக்காக. நான் டாக்டர் இல்லை. ஆவடியில் ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் மெஷினில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. பார்த்ததையும் எனக்கு விளங்கியதையும் மட்டும் எழுதுகிறேன்.

அய்னூர் கஜகஸ்தானில் பிறந்தவள். என் மகன் சரவணன் அங்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்தபோது அவளைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டான். இருவரும் ஆவடிக்கு வந்து ஒன்பது வருடம் ஆயிற்று. பெயரைக் கேட்டதும் தெருவில் எல்லோரும், “அயனூரா? அது எந்த மாவட்டம்?” என்று கேட்டார்கள். அது ஊர்ப் பெயர் அல்ல, அவள் பெயரே அதுதான் என்று விளக்கி முடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அவள் வாள்வீச்சு வீராங்கனை. ஃபென்சிங் என்று சொல்வார்கள். கம்பி வலை முகமூடி போட்டு, வெள்ளை உடை அணிந்து, மெல்லிய வாளால் ஒருவரை ஒருவர் தொடும் விளையாட்டு. அதில் மூன்று வகை உண்டு. அவளுடையது எப்பே என்ற வகை. அதில் தலை முதல் பாதம் வரை எங்கே தொட்டாலும் புள்ளி. ஒன்பது வயதில் ஆரம்பித்து, தன் நாட்டின் ஜூனியர் அணியில் ஆடி, ஆசிய அளவில் வெண்கலம் வாங்கியவள். பெரியவர்கள் அணியில் நான்கு வருடம் மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முறை வரும் என்று இருந்த நேரத்தில் என் மகன் வந்துவிட்டான்.

இங்கே வந்ததும் அவள் ஆட்டம் நின்றுபோனது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மாநிலத்துக்காக ஆட முடியாது. ஆடத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. பூந்தமல்லி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலை மாலை நேரத்துக்குக் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தமிழ் கற்றுக்கொண்டதும் அந்தப் பிள்ளைகளிடம்தான். அதனால்தான் அவள் பேச்சில் அத்தனை ‘கீது’. நான் திருத்திப் பார்த்தேன். “பசங்க அப்டிதான் சொல்றாங்க அத்தை” என்பாள். விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு வருடம் நான் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஒருநாள், பிள்ளைகளுக்குப் பயிற்சிச் சட்டை கிடைக்கவில்லை என்று தன் பழைய சட்டையை என் முன்னால் விரித்துப் போட்டாள். தையலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கெட்டிப் பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாகப் போட்டு, வாள் பிடிக்கும் பக்கத்து அக்குளில் இரட்டை ஒட்டு கொடுத்து, பயிற்சிக்கு மட்டும் போடுகிற மாதிரி ஒன்று தைத்தேன். அதைத் தானே போட்டுக்கொண்டு, சரவணனை வாளால் ஓங்கிக் குத்தச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாள். அதற்கப்புறம் மாலையில் நானும் அந்த ஹாலுக்குப் போய் ஒரு மூலையில் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற வருடம்தான் அவளுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாகத் தமிழ்நாட்டு அளவிலான போட்டியில் இறங்கப் பெயர் கொடுத்திருந்தாள். செருப்பு கழன்ற அன்று போட்டிக்குப் பத்து நாள் இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவளுக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. சரியாகிவிட்டது என்று நாங்கள் மறந்துவிட்டோம். டாக்டர்கள் பின்னால் கேட்ட முதல் கேள்வியே அதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது கால் மரத்தால், அதற்கு முன்னால் வந்துபோன காய்ச்சலையோ வயிற்றுப்போக்கையோ சொல்ல மறக்காதீர்கள்.

மறுநாள் அவள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மாலை ஹாலில் பிள்ளைகளுக்குப் பாய்ந்து குத்திக் காட்டப் போனவள், முன்காலை நீட்டியதும் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எழுந்திருக்க முடியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்து கிளினிக் டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இரண்டு காலிலும் இல்லை. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன்.

நகரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தோம். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (தோல்மேல் சிறு மின்சாரம் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். கில்லன் பாரே என்றார் நரம்பியல் டாக்டரம்மா. நாற்பது வயதுக்காரர். சீக்கிரம் பேசுவார், ஆனால் நின்று பதில் சொல்வார்.

“ஒயர் மேல ரப்பர் இருக்கில்லம்மா, அந்த மாதிரி நரம்பு மேல ஒரு உறை இருக்கு. கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, வழி தப்பி அந்த உறையை அரிக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும்.”

“எது வரைக்கும் ஏறும்?” என்று சரவணன் கேட்டான்.

“சிலருக்கு இடுப்போட நிக்கும். சிலருக்கு மூச்சு வரைக்கும் போகும். அதைத்தான் பாத்துக்கிட்டே இருக்கணும். பெரும்பாலானவங்க தேறிடுவாங்க. ஆனா நாள் ஆகும்.”

‘பெரும்பாலானவங்க’ என்ற சொல்லில் யார் யார் இல்லை என்று நான் அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது என்று முடிவானது. பெண்கள் வார்டில் பெண் துணைதான் இருக்கலாம். சரவணன் வராந்தாவில், நான் கட்டில் பக்கத்தில்.

வார்டில் கன்னியம்மா என்று ஓர் ஆயாம்மா. அய்னூரின் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இன்னாமா, பொண்ணு நேபாளமா?”

“இல்லம்மா. கஜகஸ்தான்.”

“அது எந்தாண்ட கீது?”

நான் பதில் சொல்லுமுன் கட்டிலில் இருந்து குரல் வந்தது. “வடக்கால கீது ஆயாம்மா. ரொம்ப தூரம். குளுரும்.”

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவளைப் புரட்டிப் படுக்க வைக்க யார் கூப்பிட்டாலும் அவரே வந்தார்.

மூச்சுத் தசைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, இடையில் விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறது என்று அட்டையில் குறிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் தசை தளர்கிறது என்று பொருள். சேர்த்த அன்று இரவு டாக்டரம்மா முன்னால் அவள் தமிழில் எண்ணினாள். தமிழ் எண்கள் தெரியும் என்று காட்டுவதில் அவளுக்குப் பெருமை. இருபத்தெட்டு வரை போயிற்று.

மறுநாள் காலை ஓர் இளம் டாக்டர் வந்தார். அய்னூர் அரைத் தூக்கத்தில் இருந்தாள். எண்ணச் சொன்னார். எண்ணினாள். கடைசியில் இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கி, இருபதும் ஏழும் என்று விரலில் காட்டினாள். அவர் அட்டையில் இருபத்தேழு என்று எழுதிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று போய்விட்டார்.

எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று புரியவில்லை. அவள் உதட்டில் கேட்ட சத்தத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். பிர், எகி, உஷ், தோர்ட், பெஸ். அவள் எண்ணியது தன் பாஷையில். ஹாலில் பிள்ளைகளுக்குக் காலடிப் பயிற்சி கொடுக்கும்போது அப்படித்தான் எண்ணுவாள். மெஷினில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகியிருந்தது. அந்த எண்கள் குட்டையானவை. ஒன்பது என்று நாம் இழுக்கும் நேரத்தில் அவர்கள் பத்தைத் தொட்டுவிடுவார்கள். நானே மூச்சை இழுத்து மனசுக்குள் இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்த்தேன். அவள் பாஷையில் இருபத்தேழு வரும் மூச்சில், தமிழில் இருபது, இருபத்தொன்றைத் தாண்ட முடியவில்லை.

அப்படியென்றால் குறைந்திருக்கிறது. அட்டையில் அது தெரியாது.

சிஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஆறு நோயாளிகள். “எந்த பாஷைல எண்ணினா என்னம்மா, நம்பர் நம்பர்தானே” என்றார் ஊசியைத் தட்டிக்கொண்டே. நான் போய் உட்கார்ந்தேன். படித்தவர்கள் நடுவில் தையல்காரி என்ன பேசுவது என்ற தயக்கம். அய்னூரைப் பார்த்தேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் உட்காரவில்லை. வார்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்வரை அங்கேயே நின்றேன்.

அவரிடம் சொன்னதும் அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேராகக் கட்டிலுக்குப் போனார்.

“அய்னூர், நேத்து மாதிரி தமிழ்ல எண்ணும்மா.”

பதினேழில் நின்றது. அதற்குமேல் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

டாக்டரம்மா மூச்சின் அளவு காட்டும் ஒரு குழாயைக் கொண்டுவரச் சொல்லி அதில் ஊதவைத்துப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிப்போனார். “நல்லவேளை சொன்னீங்கம்மா. இப்பவே ஐசியுவுக்கு மாத்திடறோம். மூச்சுக்கு மெஷின் வெக்க வேண்டி வரும். அவசரத்துல வெக்கறதுக்கும் நிதானமா வெக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நமக்கு நிதானம் கிடைச்சிருக்கு.”

அன்று பிற்பகல் அவள் தொண்டையில் குழாய் போட்டார்கள். வென்டிலேட்டர் (நோயாளிக்குப் பதிலாகக் காற்றைத் தள்ளும் இயந்திரம்) அவளுக்காக மூச்சுவிடத் தொடங்கியது.

பதின்மூன்று நாள் அந்த இயந்திரம் ஓடியது. நாங்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒருவர் ஒருவராகப் போய்ப் பார்க்கலாம். முகத் தசையும் தளர்ந்துவிட்டதால் கண்ணிமை முழுதாக மூடவில்லை. கண் காயாமல் இருக்க மருந்து விட்டு, இரவில் மெல்லிய பட்டி ஒட்டினார்கள். ஆனால் அவளுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் வலிக்கும், எல்லாம் புரியும். இந்த நோயில் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. பார்க்கப் போகிறவர்கள் இதை மறந்து கட்டில் பக்கத்திலேயே நின்று அழுகிறார்கள். நானும் ஒருநாள் அழுதேன். அவள் கண் என் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம் வெளியே அழுதுவிட்டு உள்ளே போனேன்.

கண்ணை மேலே உருட்டினால் ‘ஆமாம்’ என்று வைத்துக்கொண்டோம். இடுப்பு வலிக்கிறதா? காலை நகர்த்தவா? ஃபேன் வேண்டாமா? கேட்டுக்கொண்டே போவேன். ஒருநாள் எதைக் கேட்டும் கண் மேலே போகவில்லை. பத்துப் பதினைந்து கேள்விக்கு அப்புறம், “போட்டியா?” என்றேன். கண் மேலே போனது.

“நேத்தே முடிஞ்சுதும்மா” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். துடைக்கவும் அவள் கை வராதே.

அவளுடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை ஆகி நடக்க முடியாத நிலை. சரவணன் வராந்தாவில் வீடியோவில் பேசுவான். ஒரு தடவை போனை என்னிடம் கொடுத்தான். அந்த அம்மாவுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு எண்களைத் தவிர அவர் பாஷை தெரியாது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் அவர் ஏதோ கேட்டார்.

“என்னடா கேக்கறாங்க?”

சரவணன் சுவரில் சாய்ந்து நின்றான். “தேறினதும் கொஞ்ச நாள் அங்க கூட்டிட்டு வர முடியுமான்னு கேக்கறாங்கம்மா.” பிறகு, “நான் அவள இங்க கூட்டினு வந்திருக்கவே கூடாது” என்றான்.

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியது என்னிடம் வேறு ஒன்று இருந்தது. குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி அவளை விடாமல் நச்சரித்தது நான்தான். விளையாட்டுக்காக என்று வெளியில் சொன்னேன். உள்ளுக்குள் பயம் வேறு. அந்த பாஸ்போர்ட் இருக்கும்வரை என்றைக்காவது என் மகனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம். அவள் தன் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று நான் கேசரி கிண்டினேன். பிறந்த நாட்டுக்கு இனி விருந்தாளியாகத்தான் போகலாம் என்ற நிலையில் அவளை வைத்துவிட்டு, இப்போது இந்தக் கட்டிலிலும் போட்டுவிட்டோம் என்று தோன்றியது.

பதினான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். அதற்கு முன் மூன்று நாளாக இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவளையே மூச்சுவிட வைத்துப் பார்த்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். காற்றும் சத்தமுமாக ஒரு சொல் வந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“டீ.”

அவர்கள் ஊரிலும் பால் ஊற்றித்தான் டீ குடிப்பார்கள். எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்து ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். விழுங்கும் தசை தேறும்வரை கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வெளியே வந்து சரவணனிடம் சொன்னேன். இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடித்தோம். பதினான்கு நாளில் அன்றுதான் ருசி தெரிந்தது.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். சக்கர நாற்காலியில்தான். தொடையை என் இஞ்ச் டேப்பால் அளந்தேன். பயிற்சிக் கால்சட்டை தைத்தபோது எழுதிவைத்திருந்த அளவைவிட மூன்று அங்குலம் குறைந்திருந்தது. வாரம் ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்துவந்தேன். முதல் ஐந்து வாரம் அளவு நகரவே இல்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் கலங்காதீர்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். டேப்புக்கு அது எட்டாது.

வாரம் இரண்டு நாள் ஐயப்பன்தாங்கலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அழைத்துப் போனவர் சென்னீர்குப்பம் பாலு. ஆட்டோ ஓட்டுபவர். அவர் மகள் அய்னூரிடம் வாள் பழகியவள்.

முதல் நாள் அவளை நானும் அவரும் தூக்கி உட்கார வைத்தபோது பாலு சொன்னார்: “டீச்சர், ஒண்ணியும் யோசிக்காத. எம் பொண்ணு தெனிக்கும் கேக்குது, கிளாஸு எப்போன்னு. நீ வந்து சேர்ல குந்திகினு கத்துனா போதும்.”

“நான் எப்ப கத்துனேன்?” என்றாள் அய்னூர்.

“நல்லா கேட்ட போ. உன் சத்தம் பூந்தமல்லி வரைக்கும் கேக்கும்.”

வெகு நாளைக்கப்புறம் அவள் முகம் சிரிப்பில் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. மறு பக்கம் ஏற இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

விரல்கள்தான் அவளை மிகவும் சோதித்தன. வாள் பிடித்த கை, ஸ்பூன் பிடிக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சின்னப் பொருள்களைப் பொறுக்கிப் போடும் பயிற்சி கொடுத்தார். நான் பட்டன்களை ஒரு தட்டில் கொட்டிக் கொடுத்தேன். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். நாலு நாள் செய்தாள். ஐந்தாம் நாள் பிற்பகல், முழங்கையால் தட்டைத் தள்ளிவிட்டாள். பட்டன்கள் வீட்டு ஹால் முழுக்க ஓடின.

“நான் கொழந்த இல்ல அத்தை.”

நான் குனிந்து பொறுக்கப் போனேன்.

“எடுக்காதீங்க. நான் தள்ளினேன். நானே எடுக்கிறேன்.”

நாற்காலியிலிருந்து அவளைத் தரையில் இறக்கி உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நழுவும், மறுபடி எடுப்பாள். சோபாவுக்கு அடியில் போனதை விரலால் இழுத்து வர அரை மணி ஆயிற்று. விளக்கு வைக்கும் நேரம்வரை அது நடந்தது. சரவணன் வேலையிலிருந்து வந்து, நாங்கள் இருவரும் தரையில் இருப்பதைப் பார்த்துவிட்டு டீ போடப் போனான்.

அன்று நான் அவளிடம் அந்த விஷயத்தைச் சொன்னேன். பாஸ்போர்ட்டை விடச் சொன்னது உன் ஆட்டத்துக்காக மட்டும் இல்லை, என் பயத்துக்காக என்று. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும் அத்தை” என்றாள்.

“தெரியுமா?”

“கேசரி கிண்டினீங்களே. நீங்க கேசரி கிண்டவே மாட்டீங்க.” கடைசி பட்டனைத் தட்டில் போட்டாள். “நீங்க சொன்னதுக்காக நான் வாங்கல. வெளாடறதுக்கு வாங்கினேன். நீங்க சும்மா நெனச்சுகினு கீறீங்க.”

மாதக்கணக்கில் நெஞ்சில் இருந்த பாரம் அவ்வளவு சுலபமாக இறங்கியது எனக்கே நம்ப முடியவில்லை. சரவணன் கொண்டுவந்த டீயை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துத் தானே குடித்தாள்.

நரம்பு தன் போக்கில்தான் தேறும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதற்கு மேல் மருந்து இல்லை, பயிற்சியும் ஓய்வும் மட்டும்தான். நாலாம் மாதம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றாள். ஐந்தாம் மாதம் வாக்கரோடு வாசல்வரை போனாள். ஏழாம் மாதம் ஹாலுக்குப் போய், பாலு சொன்னபடியே நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. வலது கணுக்கால் இன்றும் முழுதாகத் தூக்காது. பாதம் தொங்காமல் இருக்கக் காலில் ஒரு பட்டை போடுகிறாள். பிற்பகலுக்குமேல் உடம்பு சட்டென்று காலியாகிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடுவாள். ஆரம்பத்தில் நான் பதறுவேன். அது நோய் திரும்புவது அல்ல, நோய் விட்டுப்போன களைப்பு என்று டாக்டரம்மா விளக்கிய பிறகு பழகிக்கொண்டேன்.

அடுத்த வருடத்து மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா மட்டும், “ஜெயிக்கப் போறீங்களா, ஆடப் போறீங்களா?” என்று கேட்டார்.

“ஆடப் போறேன் டாக்டர். ஜெயிச்சா தப்பா?”

“தப்பில்லை. தண்ணி குடிங்க, மூச்சு வாங்கினா நிறுத்திடுங்க.”

போட்டி நகரத்துக்குள் ஒரு ஸ்டேடியத்தில். எதிரே வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் வயதில் பாதி. முன்பெல்லாம் அவள் ஆட்டம் பாய்ந்து போய்க் குத்துவது என்று சரவணன் சொல்லியிருக்கிறான். இப்போது கால் பாயாது. அதனால் நின்றாள். எதிராளி வரும்வரை, வாள் நுனி தன்னைத் தொட ஒரு சாண் இருக்கும்வரை பொறுத்து, மணிக்கட்டை மட்டும் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் நான் கையிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்தேன். அவள் கலங்கியதாகத் தெரியவில்லை. முதல் சுற்றில் ஆறு ஆட்டம். நாலில் தோற்றாள், இரண்டில் ஜெயித்தாள். அடுத்த சுற்றில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் பதினைந்துக்குப் பதினொன்று என்று தோற்று வெளியே வந்தாள்.

முகமூடியைக் கழற்றியபோது முகம் சிவந்து, வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டைக் கொடுத்தேன்.

“பதினொண்ணு அத்தை” என்றாள்.

“பாத்தேன்.”

“நாலு புள்ளிதான் பாக்கி. அந்தப் பொண்ணு நல்லா ஆடுது. அடுத்த வருஷம் இன்னும் கஷ்டமா இருக்கும்.”

அடுத்த வருடம் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். போன வருடம் இதே நாளில் நாங்கள் அடுத்த பார்வை நேரம் எப்போது என்பதைத் தாண்டி எதையும் யோசித்ததில்லை.

சரவணனுக்கு அன்று ஷிஃப்ட். நாங்கள் இருவரும் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வண்டி ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, பெட்டியில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காலிலிருந்த பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, கால்களை எதிர் சீட்டில் நீட்டினாள். வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை என் தோளில் சாய்ந்து கனத்தது. இந்த ஒரு வருடத்தில் அவளுடைய எத்தனையோ களைப்புகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் நோய் கொடுத்தவை. இது விளையாடிக் களைத்த களைப்பு.

அம்பத்தூர் போயிற்று. அண்ணனூர் போயிற்று. எழுப்பலாம் என்று கையைத் தூக்கினேன். வண்டி ஆவடியில் நின்றது. எங்கள் வீட்டுப் பக்கம் இறங்கும் ஸ்டேஷன் படிக்கட்டு ஜன்னலுக்கு நேராகத் தெரிந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. பட்டாபிராமோ திருநின்றவூரோ, அவள் எப்போது விழிக்கிறாளோ அங்கே இறங்கி எதிர் வண்டி பிடித்துக்கொள்ளலாம். எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை.